திறவுகோல் எவர் கையில்? பழி எவர் தலையில்?

எய்தவன் இருக்க அம்பை நோதல் உலகத்திற்குப் பழகிப்போன வேலை. 2011ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் தொடங்கி 13ஆம் நாள் வரையில் ‘பிளாக்பெரி’ எனும் கைப்பேசிகளுக்கு மின்னஞ்சல் வாராமல் நின்றுபோயிற்று. ஐரோப்பா, மேலை ஆசியா, ஆப்பிரிக்கா, இந்தியா, தென்னமெரிக்கா எனப் பரவிய அம்முடக்கம் மூன்றாம் நாளில் வட அமெரிக்காவையும் பற்றிக்கொண்டது. அப்பொழுது உலகெங்கும் ஏறத்தாழ 7 கோடிப் பேர் அக்கருவியைக் கையில் வைத்திருந்தனர். முடக்கம் தோன்றியது, கனடா நாட்டின் வாட்டர்லூ நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ரிசர்ச் இன் மோசன்’ எனும் நிறுவனத்தின் பொறிகளில். வசை வாங்கியவரோ, அந்நிறுவனத்தோடு கூலியாலோ பங்காலோ எவ்வகைத் தொடர்பும் இல்லாத, ஒவ்வோர் அலுவலகத்தின் மூலையறையிலும் தொலைபேசியும் கையுமாக அமர்ந்திருந்த கணினி உதவிப் பணியாளர்!

‘சப்போர்ட்டு’ என்று ஆங்கிலத்தில் அவர்க்குப் பெயர். தாங்குதல் என்பது அதன் நேர்ப்பொருள். அந்த நான்கு நாளும் அவர் தாங்கியது எதனை? கணினியையா? இல்லை, தமக்கு உரிமையில்லாத ஒரு பொறியின் குறைக்காகத் தம் தலையில் இறக்கி வைக்கப்பட்ட பழியை! அப்பழி எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கேயே கொண்டுபோய் வைக்கப்படல் வேண்டும். ‘பழங்கதை ஆயிற்றே, இன்று அக்கருவியே இல்லையே’ என்பார் உளர். கருவிதான் போயிற்று, அக்கருவியை வாங்க வைத்த எண்ணமும், அதனைத் தாங்கியவர்மீது பழிபோட்ட பழக்கமும் இன்றும் அலுவலகந்தோறும் நாற்காலி இட்டு அமர்ந்திருக்கின்றன.

முதலில் அக்கருவி இயங்கிய வகையை அறிதல் வேண்டும். அதனை அறியாதார்க்கு இவ்வழக்கின் முறை விளங்காது. ஒரு நிறுவனத்திற்கு வரும் மின்னஞ்சல் அந்நிறுவனத்தின் வழங்கிக் கணினியில் வந்து சேரும். அதனருகே பிளாக்பெரிக்கெனத் தனி வழங்கி ஒன்று நிறுத்தப்படும். அதற்கு விலை கொடுப்பவர் அந்நிறுவனத்தார். அதனைப் பேணுபவர் அவர்தம் கணினிப் பணியாளர். ஆனால் அவ்வழங்கி கைப்பேசியோடு நேரே பேசாது. 3101 எனும் எண்ணுடைய வாயிலைத் திறந்து, ரிசர்ச் இன் மோசன் நிறுவனத்தின் நடுவண் நிலையத்தோடு மட்டுமே பேசும். அந்நிலையம் அஞ்சலை வாங்கி, உரிய தொலைபேசி நிறுவனத்திடம் கொடுக்கும். தொலைபேசி நிறுவனம் அதனைக் கைப்பேசிக்குச் சேர்க்கும். இலண்டனில் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்த இருவர், ஒருவர்க்கொருவர் விடுக்கும் ஒரு வரி அஞ்சலும் இவ்வழியே போய்த்தான் மற்றவர் கைப்பேசிக்குத் திரும்புதல் வேண்டும். இவ்வழிக்கென ஒவ்வொரு கைப்பேசிக்கும் திங்கள்தோறும் ஒரு கட்டணம் தொலைபேசி நிறுவனங்களின் வாயிலாக வாட்டர்லூவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்வமைப்பில் நன்மையே இல்லை என்று கூறுதல் நடுவுநிலை ஆகாது. 1999ஆம் ஆண்டில் அக்கருவி வெளிவந்த காலத்தில் கைப்பேசி வலையமைப்புகள் நத்தையினும் மெல்ல ஊர்ந்தன. அந்நிலையில், அஞ்சல் வந்ததா வந்ததா என்று கைப்பேசி போய்க் கேட்டுக் கொண்டிராமல், வந்தவுடன் தானே வந்து நிற்கும்படி செய்தது பெரிய வினை. அஞ்சலைச் சுருக்கி விடுத்தது; மின்கலம் நெடுநேரம் நின்றது; நிறுவனத்தின் காப்பரணில் வெளியிலிருந்து உள்ளே வரும் வாயில் எதனையும் திறந்து வைக்க வேண்டாதிருந்தது; வழங்கியிலிருந்து கைப்பேசி வரையில் அஞ்சல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. வங்கியாளரும் வழக்குரைஞரும் அரசு அலுவலரும் அதனை விரும்பி வாங்கியது அறியாமையால் அன்று.

ஆயின், நன்மை தந்த அந்த நடுவண் நிலையமே கழுத்தாகவும் ஆயிற்று. உடம்பு எவ்வளவு பெரிதாயினும் கழுத்து ஒன்றுதானே? ஆயிரம் வேலி பாயும் ஏரிக்கு ஒரே மதகு வைத்து, அம்மதகின் திறவுகோலை ஏழு கடல் கடந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டால், மதகு அடைபட்ட நாளில் கடைமடைக்காரன் எவனைத் திட்டுவான்? வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நிற்கும் நீர்ப்பாய்ச்சியைத்தான் திட்டுவான். கண்ணுக்குத் தெரிபவன் அவன் ஒருவனே அல்லவா?

இக்கழுத்து இருப்பது எவர்க்கும் தெரியாத கமுக்கமும் அன்று. முடக்கம் நேர்வதற்கு ஓராண்டுக்கு முன், 2010ஆம் ஆண்டிலேயே, ஐக்கிய அரபு நாடுகளின் அரசும் இந்திய அரசும் அந்நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றன. தம் நாட்டு எல்லைக்குள் ஓடும் அஞ்சல்களைத் தாம் பார்க்க இயலவில்லை என்பது அவ்வரசுகளின் முறையீடு. நிறுவன அஞ்சல்களின் மறையைத் திறக்கும் கோல் தம்மிடமே இல்லை என்பது ரிசர்ச் இன் மோசன் தந்த விடை. ஒட்டுக்கேட்க விரும்பிய அரசுகளின் நோக்கம் நல்லதா அல்லதா என்பது வேறு வழக்கு. இங்கு நோக்கத்தக்கது ஒன்று: அஞ்சலின் வழி எங்கே போகிறது, எவர் கையில் இருக்கிறது என்பது அன்று நாளிதழ்களின் முதற்பக்கத்தில் வந்தது. அதனைப் படித்த பின்னும், ‘இவ்வழி அடைபட்டால் நம் இரண்டாம் வழி யாது?’ என்று தம் கணினிப் பணியாளரை அழைத்துக் கேட்ட முதலாளிமார் எத்துணைப் பேர்?

அக்டோபர் 10 திங்கட்கிழமை. இங்கிலாந்தில் முற்பகல் 11 மணியளவு. இந்தியாவில் பிற்பகல் மூன்றரை. கைப்பேசிகளின் சிறு செவ்விளக்குகள் கண் சிமிட்டாமல் நின்றன. பேச்சு அழைப்பு போயிற்று, குறுஞ்செய்தி போயிற்று, மேசைக் கணினியில் மின்னஞ்சலும் வந்தது. கைப்பேசியில் மட்டும் மின்னஞ்சல் இல்லை, இணையம் இல்லை, பிளாக்பெரிக்கே உரிய உரையாடலும் இல்லை. இந்த அரைகுறை நிலைதான் உதவிப் பணியாளர்க்குப் பெருந்தீங்காய் முடிந்தது. எல்லாமே நின்றிருந்தால் ‘ஊருக்கே வந்த இடர்’ என்று எவரும் எண்ணியிருப்பர். கணினியில் அஞ்சல் வருகிறது, கைப்பேசியில் வரவில்லை என்றால், ‘நடுவில் இருக்கும் நம் ஆள் எதையோ கெடுத்துவிட்டான்’ என்றுதானே பொதுவாக எவர்க்கும் தோன்றும்?

அவ்வறையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். முதல் அழைப்பு வருகிறது. பணியாளர் தம் வழங்கியைப் பார்க்கிறார். அது நலமாக ஓடுகிறது. மின்னஞ்சல் வழங்கியைப் பார்க்கிறார், அதுவும் நலம். தம் கைப்பேசிக்குத் தாமே ஓர் அஞ்சல் விடுத்துப் பார்க்கிறார், வரவில்லை. தேங்கிய அஞ்சல்களின் எண்ணிக்கை மட்டும் திரையில் ஏறிக்கொண்டே போகிறது. தொலைபேசி நிறுவனத்தைக் கேட்கிறார். ‘எங்கள் பக்கம் குறையில்லை’ என்கின்றனர். இதற்குள் பத்து அழைப்புகள் காத்து நிற்கின்றன. மின்கலத்தைக் கழற்றி மீண்டும் பொருத்துவது அக்கருவிக்குரிய பழைய கைம்மருந்து. அதனைப் பத்துப் பேர்க்கும் சொல்கிறார், பத்துப் பேரும் செய்கின்றனர், பயனில்லை. பதினோராவது ஆள் துறைத் தலைவர். அவர் கழற்றிப் பொருத்த மறுக்கிறார். ‘இங்கே வந்து சீர் செய்து கொடு’ என்கிறார்.

இந்நிலையில் பணியாளர்க்கு ஒரு பெருஞ்சோர்வு வரும். ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்னும் உந்துதல் வரும். கையில் இருக்கும் ஒரே பொறி தம் வழங்கி. அதனை நிறுத்தி மீள இயக்கிப் பார்க்கலாமா? இயக்கினால், நூற்றுக்கணக்கான பயனர்களின் அஞ்சற் பெட்டிகளை அவ்வழங்கி முதலிலிருந்து மீண்டும் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தல் வேண்டும். அதற்கு நெடுநேரம் ஆகும். குறை தம் பக்கத்தில் இல்லையெனின் அவ்வளவும் வீண். குறை எங்கே என்று சொல்ல வேண்டியவர் வாய் திறந்திருந்தால் இத்தடுமாற்றம் எவர்க்கும் நேர்ந்திராது. அவர் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை முழுதும் வெளிவந்தவை, ‘சிலர்க்குத் தடை நேர்ந்துள்ளது, ஆராய்ந்து வருகிறோம்’ என்னும் அளவிலான ஓரிரு வரிகளே. குறையைப் பற்றி உலகமே அறிந்தது, குறையுடையார் சொல்லி அன்று. குறைபட்டார் ஒருவர்க்கொருவர் சொல்லி.

இன்னுமொரு கொடுமை உண்டு. எந்தக் குறையாயினும் எல்லார்க்கும் அறிவிப்பு விடுப்பது உதவிப் பிரிவின் முதற்கடமை. எதன் வழியாக விடுப்பது? மின்னஞ்சல் வழியாக. அம்மின்னஞ்சல் போய்ச் சேர்வது எங்கே? வெளியூரில், வானூர்தி நிலையத்தில், முறைமன்ற வாயிலில் நிற்போரின் பிளாக்பெரியில்! ‘உங்கள் கைப்பேசிக்கு அஞ்சல் வாராது’ என்னும் அறிவிப்பே அக்கைப்பேசிக்குப் போய்ச் சேராமல் அதே வரிசையின் வாலில் போய் நின்றது. ஆகலின், குறுஞ்செய்தியாகவும் தொலைபேசி அழைப்பாகவும் ஒவ்வொருவர்க்காய்ச் சொல்லித் தீர வேண்டியதாயிற்று. வலைப்பக்கத்தின் வழியே அஞ்சல் பார்க்கும் முகவரியைத் தாளில் எழுதி, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்து, மடிக்கணினி இல்லாதார்க்கு எங்கிருந்தோ ஒன்றைத் தேடிக் கொடுத்து, அந்நான்கு நாளும் அலுவலகங்களின் வேலை நின்றுபோகாமல் காத்தவர் எவர்? வாட்டர்லூவின் தலைவர்களா? அன்று. இன்று எவரும் பெயர்கூட நினைவில் வைத்திராத அந்த மூலையறைப் பணியாளரே.

செவ்வாய்க்கிழமை, பணி சீராகி வருகிறது என்னும் செய்தி வந்தது. அதனை நம்பிய பணியாளர் தம் மேலோர்க்கு அவ்வாறே கூறினர். சில மணி நேரத்தில் மீண்டும் படுத்துவிட்டது! முதல்நாள் பழி அறியாமைக்காக. இரண்டாம் நாள் பழி பொய் சொன்னதற்காக. பொய் எவருடையது? சொன்ன வாய் எவருடையது? இரண்டும் வேறு என்பதை அலைபேசியை மேசைமேல் வீசி எறியும் மேலாளர் எண்ணிப் பார்ப்பாரா?

அன்றுதான் நிறுவனம் கரணியத்தை வெளியிட்டது. தன் கட்டமைப்பின் நடுவில் இருந்த ‘சுவிட்சு’ எனப்படும் தலைமை இணைப்புப் பொறி ஒன்று செயலிழந்ததாம். அது செயலிழந்தால் அதன் மாற்றுப் பொறி தானே பணியை ஏற்குமாறு அமைப்பு இருந்ததாம். ஆனால் முன்னர் ஆய்ந்து பார்த்தபோது இயங்கியதுபோல் அம்மாற்றுப் பொறி இப்போது இயங்கவில்லையாம். அதனால் அஞ்சல்கள் மலைபோல் தேங்கிவிட்டனவாம்.

பொறி பழுதாவது குற்றம் அன்று. இரும்பும் பழுதாகும், மாந்தன் உடம்பும் பழுதாகும். ஆனால் ‘மாற்று ஏற்கவில்லை’ என்னும் இச்சொல் அந்நிறுவனத்தின் வாயில் முதன்முறையாக வந்த சொல்லா? 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் மாலையில் வட அமெரிக்கா முழுதும் அக்கருவிகள் வாய்மூடி நின்றன. அத்துணை முதன்மையில்லாத ஒரு புதிய மென்பொருட் செயலைப் போதிய ஆய்வின்றிப் புகுத்தியது அதற்குக் கரணியம் என்றனர். கூடவே, மாற்று அமைப்பு தாங்கள் எதிர்பார்த்தபடி முழுமையாக இயங்கவில்லை என்றும் அன்றே ஒப்புக்கொண்டனர். 2008 பிப்பிரவரி 11இல் மீண்டும் ஒரு முடக்கம். ஏற்புத்திறனைக் கூட்டுவதற்காகச் செய்த மேம்பாட்டினால் வந்ததாம். 2009 திசம்பரில் ஒரே திங்களுக்குள் இருமுறை. இத்தனைக்கும் பிறகு, நான்காண்டு கழித்து 2011இல், அதே மாற்று ஏற்கவில்லை என்னும் அதே சொல்! முதன்முறை நேர்ந்தால் பட்டறிவு எனலாம். அதே சொல்லை நான்காண்டு கழித்தும் கூசாமல் எடுத்து நீட்டுவதற்குப் பெயர் என்ன?

‘முன்னர் ஆய்ந்தபோது இயங்கியது’ என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆய்வறையில், அஞ்சற் சுமை இல்லாத வேளையில், ஒரு பொறியை நிறுத்தி மற்றதை ஓட்டிப் பார்ப்பது ஆய்வு ஆகாது. மும்முரமான திங்கட்கிழமை முற்பகலில், பல கோடி அஞ்சல்கள் பாயும் வேளையில், தலைமைப் பொறியைத் தாமே நிறுத்திப் பார்க்கும் துணிவு உண்டானால் அதுவே ஆய்வு. நான்கு தெருவுக்கு மின்பிறப்பி வைத்திருக்கும் சிற்றூர் மருத்துவமனைக்காரனுக்கும் தெரிந்த உண்மை இது: சுமை ஏற்றாமல் ஓட்டிப் பார்த்த மின்பிறப்பி, அறுவை நடக்கும் வேளையில் கைகொடுக்கும் என்று அவன் நம்புவதில்லை.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, உதவிப் பணியாளரை நோக்கி எழுப்பப்பட்ட வினா ஒன்று உண்டு. ‘இரண்டாம் வழியை நீர் ஏன் முன்னரே அமைத்து வைக்கவில்லை?’ என்பதே அது. நல்ல வினா, ஆனால் தவறான ஆளிடம் கேட்கப்பட்ட வினா. இரண்டாம் வழி அந்நாளில் இல்லாமல் இல்லை. மைக்ரோசாப்டின் அஞ்சல் வழங்கியோடு கைப்பேசி நேரே பேசும் முறை அப்போதே வழக்கில் இருந்தது. ஆப்பிள் கைப்பேசிகள் அவ்வாறே அஞ்சல் பெற்றன. அந்நான்கு நாளும் அவற்றில் அஞ்சல் வந்துகொண்டுதான் இருந்தது. அவ்வழியையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டுமாயின் புதிய கருவி வாங்கல் வேண்டும்; காப்பு விதிகளை மாற்றல் வேண்டும்; இரு முறையையும் பேணுதற்கு ஆள் வேண்டும். பொருள் ஒதுக்குபவர் எவர்? விதியை மாற்றுபவர் எவர்? ஆள் சேர்க்க ஒப்புதல் தருபவர் எவர்? மூன்றும் மேல்மாடியில் இருப்பவர் கையில். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பேனாவும் அங்கேதான் இருந்தது. கீழே இருப்பவரிடம் இருந்தது தொலைபேசி ஒன்றே.

வேறொரு சாரார் இதனை நகைப்புக்குரிய செய்தியாக்கினர். ‘கட்டைவிரல்களுக்கு நான்குநாள் ஓய்வு’, ‘மனைவி மக்கள் முகத்தைப் பார்க்க வாய்ப்பு’ என்றெல்லாம் எழுதி மகிழ்ந்தனர். கைப்பேசிக்கு அடிமையாகிக் கிடப்பது இழிவுதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்நகைப்பு எவர்க்கு எளிது? அஞ்சல் வாராமையால் ஓய்வு பெற்றவர்க்கு எளிது. அவ்வோய்வு நேரம் முழுதையும் ‘எப்பொழுது வரும், எப்பொழுது வரும்’ என்னும் ஒரே கேள்விக்கு ‘அறியேன்’ என்னும் ஒரே விடையை நூறுமுறை சொல்லிக் கழித்தவர்க்கு அதில் நகைப்பதற்கு என்ன இருந்தது? அவர் வீட்டிலும் மனைவி மக்கள் இருந்தனர்.

13ஆம் நாள் வியாழக்கிழமை, நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் இணைத்தலைவருமாகிய மைக் லசாரிடிசு காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். 1999இல் தொடங்கியது முதல் நம்பத்தக்க தொடர்பைத் தருவதே தம் நோக்கமாயிருந்தது என்றும், அக்கிழமையில் அந்நோக்கத்தின் அருகிற்கூடச் செல்லவில்லை என்றும் கூறினார். தலைவன் முகம் காட்டி மன்னிப்புக் கேட்டது நன்றே. ஆனால் நான்காம் நாளில்! முதல் நாள் நண்பகலில் அம்முகம் தோன்றி, ‘குறை எம்முடையது, உங்கள் அலுவலகப் பணியாளர் மீது குற்றமில்லை, அவர்கள் தம் வழங்கிகளைத் தொட வேண்டா’ என்று மூன்று வரி சொல்லியிருந்தால், அலுவலகந்தோறும் எத்துணை வசை மிஞ்சியிருக்கும்!

மன்னிப்பைத் தொடர்ந்து 17ஆம் நாள் ஈடு அறிவிக்கப்பட்டது. 100 அமெரிக்கத் தாலருக்கு மேல் விலை பெறும் செயலிகளை விலையின்றி எடுத்துக்கொள்ளலாமாம். அவற்றுள் சீட்டாட்டம் ஒன்று. மணிக்கற்களை அடுக்கும் விளையாட்டு ஒன்று. பொம்மைக் குடும்பம் நடத்தும் விளையாட்டு ஒன்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பர். இதுவோ பசித்த யானைக்குச் சோளப்பொரியின் ஓவியம். நிறுவனங்களுக்கு மட்டும் ஒருதிங்கள் தொழில்நுட்ப உதவி கட்டணமின்றித் தரப்படும் என்றனர். குறை எங்கே என்று கேட்டபோது வாய் திறவாதவரின் உதவி, குறை தீர்ந்த பின் ஒரு திங்கள்!

பணி மீண்ட நாளும் உதவிப் பிரிவுக்கு ஓய்வு நாளாக விடியவில்லை. தேங்கிய அஞ்சல்கள் வெள்ளமாய் வந்து கைப்பேசிகளை நிறைத்தன. மூன்று நாளைக்கு முந்திய கூட்ட அழைப்பைப் பார்த்துப் பதறியவர், முன்னரே கணினியில் விடையளித்துவிட்ட அஞ்சலுக்கு மீண்டும் விடையளித்தவர், நாட்குறிப்பு ஓரிடத்தில் ஒன்றும் வேறிடத்தில் வேறொன்றும் காட்டுவதாக முறையிட்டவர் என அழைப்பு மணி ஓயவில்லை. இவ்வுழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. நிறுவனங்களின் இழப்பைப் பற்றி எழுதினர். பங்கு விலையைப் பற்றி எழுதினர். ஆப்பிளின் புதிய கைப்பேசி மறுநாளே கடைக்கு வந்ததைப் பற்றியும் எழுதினர். மூலையறையின் மிகைநேரத்தைப் பற்றி எழுதுவார் இல்லை.

பிறகு நடந்தவை விரைந்து நடந்தன. 2012 சனவரியில் இணைத்தலைவர் இருவரும் பதவி விலகினர். 2013இல் நிறுவனம் தன் பெயரையே பிளாக்பெரி என்று மாற்றிக்கொண்டது. 2022 சனவரி 4ஆம் நாள், தன் பழைய இயங்குதளக் கைப்பேசிகளுக்கான பணிகளை முற்றும் நிறுத்திவிட்டது. அந்நாளுக்குப் பின் அக்கருவிகளில் பேச்சு அழைப்புக்கும் உறுதியில்லை. நாள் முன்கூட்டியே குறித்து அறிவிக்கப்பட்ட இம்முடக்கத்தில் எவரும் எவரையும் திட்டவில்லை. திட்டுதற்கு ஆள் மிஞ்சவில்லை.

ஆனால் கழுத்து அறுந்ததா? இல்லை, தடித்தது. இன்று பெரும்பான்மை நிறுவனங்கள் மின்னஞ்சல் வழங்கியையும் தம் கட்டடத்தில் வைத்திருப்பதில்லை. அதுவும் இரண்டொரு பெருநிறுவனங்களின் பொறிக்கூடங்களுக்குக் குடிபோய்விட்டது. அன்று கைப்பேசி அஞ்சல் மட்டும் அடுத்தவன் மதகைக் கடந்தது. இன்று அஞ்சல் முழுதும் அடுத்தவன் ஏரியிலேயே கிடக்கிறது. காவலுக்கென வைத்த மென்பொருளும் அவ்வாறே. 2024 சூலை 19ஆம் நாள் ‘கிரௌடுசிட்ரைக்கு’ எனும் அமெரிக்கக் காப்புநிறுவனம் விடுத்த பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாப்டின் கணக்குப்படி 85 இலக்கம் கணினிகளை நீலத்திரையோடு நிறுத்தியது. வானூர்தி நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் நின்றன. பெரும்பாலான கணினிகளை எட்ட இருந்து எழுப்ப இயலவில்லை. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் போய் அமர்ந்து, காப்புநிலையில் திறந்து, ஒரு கோப்பைக் கையால் நீக்கி, மீண்டும் இயக்குதல் வேண்டும். வட்டு மறையாக்கப்பட்டிருந்தால் நாற்பத்தெட்டு இலக்கங்கொண்ட மீட்பு எண்ணைத் தேடித் தட்டுதலும் வேண்டும். போய் அமர்ந்தவர் எவர்? அதே மூலையறைப் பணியாளர். நாட்கணக்கில் அமர்ந்தார். அம்முடக்கத்தில் துணைநின்ற பங்காளிகளுக்கு அந்நிறுவனம் விடுத்தது 10 தாலர்ச் சிற்றுண்டிச் சீட்டு. அதிலும் சில சீட்டுகள் செல்லாமல் திரும்பின. பதின்மூன்றாண்டில் சீட்டாட்டம் சிற்றுண்டியாக வளர்ந்திருக்கிறது, வேறொன்றும் வளரவில்லை.

பிறர் பொறியையே பயன்படுத்தாமல் ஒவ்வொருவரும் தாமே எல்லாம் செய்துகொள்க என்பது இயலாத கூற்று. அதனை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படுவது வேறு. அஞ்சல் வழியை விற்பவர், குறை கண்ட ஒரு மணி நேரத்திற்குள் ‘குறை எம்முடையது’ என்று எழுத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்பது ஒப்பந்தத்தில் ஏறல் வேண்டும். மாற்றுப் பொறியைச் சுமையோடு ஓட்டிப் பார்த்த நாளையும் முடிவையும் ஆண்டுதோறும் வாங்குவோர்க்குக் காட்டுதல் வேண்டும். முடக்கத்திற்குரிய ஒறுப்புத்தொகை விளையாட்டுச் செயலியாக அன்றிப் பணமாக வருதல் வேண்டும். அதிலிருந்து அந்நாள்களில் மிகைநேரம் உழைத்த பணியாளர்க்கு மிகைக்கூலி போதல் வேண்டும். இரண்டாம் வழியைத் திறந்துவிடும் ஆணையுரிமை, மேல்மாடி ஒப்புதலுக்குக் காத்திராமல், உதவிப் பிரிவின் கையிலேயே எழுத்தில் இருத்தல் வேண்டும். இந்நான்கும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேலாளர், அடுத்த முடக்கத்தன்று மூலையறைக்கு இறங்கி வந்து, தொலைபேசியைத் தாமே எடுத்து, வரும் அழைப்புகளுக்கு விடை சொல்லட்டும்.